ஆள் வருது

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஏழெட்டு டிஷ்யூ பாக்கெட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றைப் பிரித்து அவர் மூக்கைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை. அதற்கெல்லாம் அவரிடம் கைக்குட்டை இருந்தது.

எங்கள் ஊரில் டிஷ்யூ பாக்கெட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. உணவங்காடியில் மேசைமீது ஒன்றை வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய் வரிசையில் நிற்கலாம். தட்டோடு திரும்பி வரும்வரை அந்த இடம் உங்களுடையது. எவ்வளவு பசியோடு வந்தவனும் அதை நகர்த்த மாட்டான். இதற்குச் சட்டம் கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. சிங்கப்பூரில் எல்லா இனத்தாரும் மறுபேச்சில்லாமல் ஒரே மாதிரி மதிக்கிற விஷயம் இது ஒன்றுதானோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். அக்கா அந்தப் பாக்கெட்டை ரயிலில் வைத்தார். தன் பக்கத்து இருக்கையில், தினமும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தன்னை நாலு பேர் திரும்பிப் பார்ப்பதையே விரும்பாதவர். நானும் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாங்கியில் விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் ஆவணப் பிரிவில் அவருக்கு வேலை. அதே அலுவலகத்தின் இறக்குமதி கவுண்டருக்கு நான் மாற்றலாகி வந்தேன். இருவருக்கும் வீடு மார்சிலிங். தீவின் வடகோடியிலிருந்து கிழக்குக் கோடிக்குத் தினமும் ஒன்றரை மணி நேரப் பயணம்.

முதல் நாளே அந்தப் பாக்கெட்டில் கை வைத்துவிட்டேன். காலை வண்டி, நல்ல கூட்டம். நீள வரிசையின் ஓர இருக்கை முதியோருக்கானது, காலியாக இருந்தது. அதற்கு அடுத்ததில் நீலச் சீருடைச் சட்டையோடு ஒரு தமிழ்ப் பெண். அவருக்கு அடுத்த இருக்கையில் டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து எடுக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஆள் வருது."

அதற்கும் அடுத்த இருக்கையில் உட்கார்ந்தேன். நகர மண்டபம் நிலையத்தில் வண்டி மாறும்வரை, முக்கால் மணி நேரத்துக்கு மேல், எங்கள் நடுவில் அந்தப் பாக்கெட்தான் பயணம் செய்தது. இறங்கும்போது கேட்டேன், "ஆள் வரலையாக்கா?"

"வரும்," என்று பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, பழகிய பிறகு, விளக்கம் சொன்னார். "பாக்கெட் வைக்கலன்னா மட்டும் யார் வந்து உக்காரப் போறாங்க? எப்படியும் காலியாத்தான் இருக்கும். வச்சுட்டேன்னா, நான்தான் விடல. வித்தியாசம் இருக்குல்ல?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. அந்தக் காலி இருக்கையை எனக்கும் நன்றாகத் தெரியும். வண்டி நெருக்கியடிக்கும், ஆட்கள் கம்பியில் தொங்குவார்கள், என் பக்கத்து இடம் மட்டும் மழையில் நனைந்த பெஞ்சு மாதிரி சும்மா கிடக்கும். ஏறுகிறவர் கண் அதன்மேல் படும், அப்புறம் என் முகத்துக்கு வரும், அப்புறம் போனுக்குள் போய்விடும். முதலில் நம் அக்குளை நாமே முகர்ந்து பார்ப்போம். அடுத்து தேங்காயெண்ணெயை நிறுத்துவோம். அடுத்து சோப்பை மாற்றுவோம். ஒரு நாள் திடீரென்று கோபம் வரும், அன்றைக்குப் பார்த்து முறைக்க ஆள் கிடைக்காது. அக்காவோ ஒரு பாக்கெட்டை வைத்து ஆட்டத்தையே மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அவரை எனக்கு அப்படிப் பிடித்துப் போயிற்று.

பிடித்துப் போனதால் கூர்ந்து பார்த்தேன். பார்த்ததில் சில விஷயங்கள் சரியாக இல்லை.

செம்பவாங் நிலையம் வந்ததும் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார். பாதி வாக்கியமானாலும் சரி. கதவு திறக்கும்போது இருக்கையிலிருந்து பாக்கெட்டைக் கையில் எடுப்பார். தலையை நிமிர்த்தி, எதிரே கம்பிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் பார்ப்பார். கதவு மூடும்வரை அப்படியே இருப்பார். பிறகு பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். டோபி காட் நிலையத்தில் லேசாகத் தலையை ஆட்டுவார், தெரிந்தவர் இறங்கிப் போகும்போது ஆட்டுவதுபோல. ஒரு நாள்கூட இது தவறியதில்லை. முதலில் ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் செம்பவாங் நெருங்கும்போதே நான் கம்பிப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அவருக்கு ஹோக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி தண்ணீர் பட்ட பாடு. சின்ன வயதில் கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில், சீனப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அதனால் எனக்குக் காதில் விழுந்து போகிற பேச்செல்லாம் அவருக்குப் புரிந்து தொலைக்கும். ஒருமுறை எதிர் வரிசையில் ஒரு கிழவர் எங்களைப் பார்த்தபடியே தன் மனைவியிடம் என்னவோ சொன்னார். மனைவி சட்டைக் கழுத்தை மூக்குவரை இழுத்துக்கொண்டார். அக்கா கிழவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்கள் நடுவில் இருந்த காலி இடத்தின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் தமிழில் சொன்னார்.

"நாத்தமாம். உன்னை இல்ல, என்னைத்தான். நீ ஒண்ணும் நெனைச்சுக்காத."

ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்தும் குரல் அது. எனக்குக் கை ரோமம் நின்றுவிட்டது. கிழவர்மேல் வரவேண்டிய கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

இன்னொரு காலை, ஒரு இளம் சீனத் தாய் தன் பெண் குழந்தையோடு ஏறினாள். நடக்கப் பழகி ஓராண்டு ஆகியிருக்கும், அவ்வளவுதான். கையில் பிஸ்கட். குழந்தை தட்டுத் தடுமாறி எங்கள் முன்னால் வந்தது. எங்களிடம் நீட்டும் என்று நினைத்தேன். அது எங்களைப் பார்க்கவே இல்லை. கம்பிக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்து, கழுத்தை அண்ணாந்து, பிஸ்கட்டை உயரத் தூக்கி நீட்டியது. அக்கா குனிந்து அதனிடம் சீனத்தில் ஏதோ கேட்டார். குழந்தை தன் இடது கைக் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டியது. அதற்குள் தாய் ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டாள். போகும்போது எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

"என்னக்கா கேட்டீங்க புள்ளைகிட்ட?"

"சும்மா," என்றார். ஆனால் சாங்கி வரும்வரை தன் இடது கட்டைவிரலைப் பிடித்தபடியே வந்தார்.

பிறகு நோய்க்காலம் வந்தது. ரயிலில் ஒன்றுவிட்டு ஒரு இருக்கையில் 'உட்காராதீர்' என்று ஒட்டினார்கள். உணவங்காடி நாற்காலிகளில் நாடாவால் பெருக்கல் குறி போட்டார்கள். அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். முகக்கவசத்துக்கு மேலே கண் சிரிக்கும்.

"பாத்தியா! இப்ப ஊர்ல எல்லார் பக்கத்துலயும் காலி. எல்லாரும் ஒண்ணாயிட்டோம்லா!"

அந்த மாதங்களில் அவர் பாக்கெட் வைக்கவில்லை. வேண்டியிருக்கவில்லை. ஆனால் செம்பவாங் வந்ததும், ஒட்டியிருந்த தாள்மேல் உள்ளங்கையை வைத்து நிமிர்ந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. நாள் போகப் போக சந்தோஷம் போனது. கவலை வந்தது.

"இவ்வளவு எடம் காலியா கெடந்தா, எது தன்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு நாள் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பிறகு நோயின் புது வகை ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது என்று பேச்சுக் கிளம்பியது. மூன்று தலைமுறையாக இந்தத் தீவைத் தாண்டாத எங்களுக்கும் அதில் பங்கு கொடுத்தார்கள். மின்தூக்கியில் நாங்கள் நுழைந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிடுவார். நடைமேடையில் ஒருவன், "உங்க ஊருக்குப் போய் இருமுங்க," என்று ஆங்கிலத்தில் கத்தினான். நாங்கள் இருமவே இல்லை. ஒட்டிய தாள்களைக் கிழித்தெடுத்த நாளில் எல்லா இருக்கையும் நிரம்பியது. அக்கா பக்கத்து இருக்கை நிரம்பவில்லை. அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். ஒருவன் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். அலுவலகம் முழுக்க அது சுற்றியது. அவருக்கு 'டிஷ்யூ ஆண்ட்டி' என்று பெயராயிற்று.

உண்மையை அவர் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா உணவங்காடியில். சாமான் வாங்கப் போன இடத்தில் அவரைக் கண்டேன். ஞாயிறு தேக்காவை நான் சொல்ல வேண்டியதில்லை. துவாஸிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் விடுதிகளில் இருக்கிற நம் தொழிலாளர்கள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்குகிற நாள். இருக்கையெல்லாம் தோளோடு தோள். அந்த நெருக்கத்தில் இரண்டு பேருக்கு நடுவில் அக்கா டீயோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் பாக்கெட் இல்லை. ஊரே பாக்கெட் வைக்கிற இடத்தில் அவர் மட்டும் வைப்பதில்லை. வேடிக்கையாக இருந்தது.

நான் எதிரில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் என்னோடு பேசிக்கொண்டே போகிற வருகிற ஆண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல, கைகளை. வைத்த கண் வாங்காமல். ஒரு பையன் சங்கடப்பட்டுக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அக்கா, ஏன் இப்படி முறைக்கிறீங்க? பாவம், பயப்படுறாங்க."

டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "கட்டைவிரலைப் பாக்குறேன். தழும்பு இருக்கும்."

பிறகு சொன்னார்.

"நீ வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை டூட்டி. செம்பவாங்ல ஒரு பையன் ஏறினான். தமிழ்நாட்டுப் பையன், ஷிப்யார்டுல வேலை போல. நல்ல சட்டை, படிய வாரின தலை, இங்கதான் வந்துக்கிட்டு இருந்தான். இடது கட்டைவிரல்ல பெரிய கட்டு. வண்டி ஃபுல்லு. என் பக்கத்துல மட்டும் காலி, எப்பவும்போல. என்னைப் பாத்ததும் அவன் முகம் மலர்ந்துருச்சு. நம்ம ஆளு இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே வர்றான். எதிர்ல ரெண்டு பொம்பளைங்க என்னையும் அவனையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவன் வந்து உக்காந்தா நானும் அவனும் ஒண்ணுன்னு நெனைச்சுருவாங்களே. நான் இங்க பொறந்தவ, ஆபீஸ் போறவ. சட்டுனு பையில இருந்த டிஷ்யூவை எடுத்து வச்சுட்டேன். 'ஆள் வருதுப்பா'ன்னேன்."

பக்கத்தில் ஒருவர் எழுந்துபோக, வேறொருவர் உட்கார்ந்தார். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அவன் கோவிச்சுக்கல. 'பரவால்லக்கா'ன்னு கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அந்தக் கையோட. யீஷூன்ல கதவு தெறந்துச்சு. ஒதுங்கி வழிவிட்டான். யாருக்கு? என் ஆளுக்கு. காத்திப்ல ஒதுங்கினான். ஆங் மோ கியோ, பீஷான், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எட்டி எட்டிப் பாக்குறான், அக்காவோட ஆளு எதுன்னு. நான் என்ன செய்வேன்? பாக்கெட்டை எடுத்துட்டு உக்காருப்பான்னு சொல்ல வாய் வரல. டோபி காட்ல இறங்கும்போது கேட்டான், 'உங்க ஆளு வரலையேக்கா'ன்னு. நக்கலா கேட்டிருந்தா மறந்திருப்பேன். நெசமாவே கவலைப்பட்டுக் கேட்டான்."

"சின்ன விஷயம்தானேக்கா," என்றேன். சின்ன விஷயம் இல்லை என்று எனக்கே தெரியும்.

"மறுநாள் காலையில செம்பவாங்ல கதவு தெறந்துச்சு. யாரும் ஏறல. ஆனா நின்னான்." அக்கா என்னை நேராகப் பார்த்தார். "அன்னைல இருந்து தெனம் பாக்கெட்டை எடுத்துப் பாக்குறேன். உக்காரவே மாட்டேங்கிறான். ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறான். அவன் உயிரோட இருக்கானா, ஊருக்குப் போயிட்டானா, ஒண்ணும் தெரியல. உயிரோட இங்கதான் சுத்துறான்னா என் வண்டியில நிக்கிறது யாரு? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வாராவாரம் வர்றேன்."

"அந்தப் பாப்பாகிட்ட..."

"எந்தக் கையில கட்டுன்னு கேட்டேன்."

அன்று சாமான் வாங்காமல் வீடு திரும்பினேன். ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் இரவு ஆங் மோ கியோவில் அம்மா வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்தே வேலைக்குக் கிளம்பினேன். நடைமேடையில் என் கவுண்டரில் வேலை செய்யும் இரண்டு சீனப் பெண்கள் நின்றார்கள். என்னைவிடச் சிறியவர்கள், நல்ல பெண்கள். மதியச் சாப்பாட்டுக்கு என்னைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு முன் மூன்று வருஷம் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில், வழக்கமான பெட்டியில் ஏறிவிட்டேன்.

அக்கா இருந்தார். வழக்கமான இடம். இளைத்திருந்தார், கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தவர் அன்றுதான் திரும்புகிறார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது செம்பவாங் இல்லை. ஆனாலும் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

எத்தனையோ காலைகள் அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னது அன்று ஒரு முறைதான்.

"ஐயோ, அந்த டிஷ்யூ ஆண்ட்டி," என்று ஒருத்தி ஆங்கிலத்தில் என் காதில் கிசுகிசுத்தாள். "உன்னையா கூப்பிடுறாங்க? உனக்குத் தெரியுமா?"

"நோ லா," என்றேன். "டிஃபரண்ட் செக்‌ஷன்."

சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை, அது அணைந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நிமிர்ந்தபோது பாக்கெட் மறுபடி இருக்கையில் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பீஷானில் கதவு திறந்தது. நான் வாசலை மறித்து நிற்பது உறைத்து ஒதுங்கினேன். ஒதுங்கிய பிறகுதான் கவனித்தேன், அந்தக் கதவில் யாரும் ஏறவில்லை. பிராடல் நிலையத்திலும் ஒதுங்கினேன். அக்கா அப்போது என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தேக்காவில் எதைச் சொல்லி வருத்தப்பட்டாரோ, அதே வருத்தம்தான் அந்த முகத்தில் இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மார்சிலிங்கில் அரை மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போகலாம், போகலாம் என்று தள்ளிப்போட்டேன். பன்னிரண்டாவது நாள் செய்தி வந்தது.

அவர் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்திலேயே உடலை வைத்திருந்தார்கள். வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய கணவர் எழுந்து வந்தார். பழைய தபால்காரர், சாதுவான மனிதர்.

"நீங்கதானேம்மா அவகூட டிரெயின்ல போறவங்க?"

"ஆமாண்ணே."

"உங்களைப் பத்திச் சொல்லாத நாள் இல்ல. 'முன்னெல்லாம் என் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. இப்ப தெனமும் இவ என் பக்கத்துல உக்காந்து வர்றா'ன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொணத்துக்குப் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க பாருங்க. நீங்க உக்காருங்கம்மா. அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்."

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போனேன். அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. அழுகிறவர்கள் துடைத்துக்கொள்ள வைத்ததாகத்தான் இருக்கும். மற்ற நாற்காலிகளிலும் அங்கங்கே இருந்தன. அப்படித்தான் என் புத்தி சொன்னது. ஆனாலும் என்னால் அதை எடுத்து வைத்துவிட்டு உட்கார முடியவில்லை. அன்று அவர் எடுத்தபோது உட்காராதவள், இன்று நானே எப்படி எடுப்பது? சடங்கு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். கால் மரத்துப் போயிற்று.

அதன் பிறகு ரயிலில் நான் அக்காவின் இடத்தில்தான் உட்காருகிறேன். பக்கத்தில் பாக்கெட் வைப்பதில்லை. வைக்காமலே அது காலியாகத்தான் போகிறது, அது வேறு விஷயம். செம்பவாங்கில் நிமிர்ந்து பார்ப்பேன். எனக்கு யாரும் தெரிந்ததில்லை. தெரிந்திருந்தால்கூட நல்லது என்று தோன்றும். ஒரு மன்னிப்பை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் அலைவது எவ்வளவு பெரிய வேதனை என்று அப்போதுதான் புரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை. தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். செம்பவாங்கில் ஒரு தமிழ்த் தொழிலாளி ஏறினார், இருபத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். இரண்டு கையும் நன்றாக இருந்தன, முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். வண்டியில் வேறு இடமே இல்லை. எதிர் வரிசையில் எல்லாரும் போனிலிருந்து தலையைத் தூக்கி அவரையும் என்னையும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினேன்.

"உக்காருங்க தம்பி."

அவர் இருக்கையைப் பார்த்தார். கூச்சத்தோடு சிரித்தார்.

"பரவால்லக்கா. ஆள் இருக்காங்கல்ல."

உட்காரக் கூச்சப்பட்டு ஏதோ சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நம் பிள்ளைகள் சாக்குச் சொல்வார்கள். இருக்கையில் உட்கார்ந்தால் யாராவது எழுந்து போவார்களோ என்று பயந்து நின்றுகொண்டே வருகிறவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முழங்காலுக்கும் பக்கத்து இருக்கைக்கும் முன்னால் இடித்துவிடாமல், தள்ளியே நின்றார்.

டோபி காட் வந்தது. எழுந்து கதவருகே போனேன். தேக்காவுக்கு வண்டி மாற அவரும் அங்கேதான் இறங்க வேண்டும். மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் இறங்கவில்லை. கதவோரம் ஒதுங்கியே நின்று, இன்னும் ஒரு ஆள் இறங்குகிற நேரம் காத்திருந்து, அப்புறம் இறங்கினார்.

மேலே போகும் மின்படி அருகே கூட்டம் நெரித்தது. அவர் பின்வாங்கி எனக்குக் கையைக் காட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்கக்கா."

பயமாக இருந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. மின்படியில் ஏறி இடது பக்கம் ஒதுங்கி நின்றேன். எங்கள் ஊரில் வலது பக்கம் அவசரமாக ஏறிப் போகிறவர்களுக்கானது, அதை யாரும் மறிக்கக் கூடாது. நான் கையை நீட்டி வலது பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ," என்று பின்னாலிருந்து ஒரு குரல். டை கட்டிய சீனர். நான் நகரவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ!" என்றார் மறுபடி, கடுப்பாக. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆள் இருக்கு," என்றேன் தமிழில், எல்லார் காதிலும் விழும்படி. "எனக்குத் தெரிஞ்சவங்க. என்கூடத்தான் வர்றாங்க."

அவர் முறைத்தார். முறைக்கட்டும் என்று மேலே போய்ச் சேரும்வரை கையை எடுக்காமல் நின்றேன்.